வந்தோர்க்குத் திறந்த கதவு: பம்பாயில் புதுமாணவர் குடியமர்ந்த வரலாறு

ஒரு மாநகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் கோட்டையைப் பற்றி எழுதுவர். துறைமுகத்தையும் பஞ்சாலைகளையும் பற்றி எழுதுவர். ஆண்ட கவர்னர்களின் பெயர்களை வரிசைப்படுத்துவர். அந்நகரில் புதிதாக வந்திறங்கிய இளைஞன் முதல் இரவு எங்கே படுத்தான், மறுநாள் யார் கையால் உண்டான் என்று எழுதுவோர் அரியர். ஆயினும் பிழைப்பையும் படிப்பையும் நாடிக் குடிபெயர்ந்த நம்மனோர்க்கு இவ்விரண்டாம் வரலாறே நெருங்கியது. நம் காலனியில் வாழும் குடும்பங்கள் பலவற்றின் பம்பாய்க் கதை, ஒரு பெட்டியும் ஒரு படுக்கையும் ஒரு முகவரிச் சீட்டுமாக வந்து நின்ற ஓர் இளைஞரிடமிருந்தே தொடங்குகிறது அன்றோ?

இன்று நம் செம்பூரை அடுத்த தேவனாரில், கடல் கடந்த நாடுகளிலிருந்து வந்து கல்வி பயிலும் மாணவர்களைக் காண்கிறோம். சந்தையிலும் ரயில் நிலையத்திலும் அவர்கள் நம்மைக் கடந்து செல்கின்றனர். அவர்களுடைய முகத்தில் தோன்றும் திகைப்பு நமக்குப் புதியதன்று. நம் பாட்டனாரின் முகத்தில் தோன்றிய திகைப்பே அது. புதியவன் ஒருவன் பெருநகரில் எவ்வாறு வேரூன்றுகிறான்? அறிவினாலா? பொருளினாலா? ஊக்கத்தினாலா? இம்மூன்றும் வேண்டுவனவே. எனினும் இவற்றுக்கெல்லாம் முன்னதாக வேண்டுவது ஒன்று உண்டு. அஃது, அவனுக்கு முன்னே வந்தவர் திறந்து வைத்த கதவு. இவ்வுண்மையை வரலாற்றின் துணைகொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பண்டு நிகழ்ந்தது

அயல்நாட்டு மாணவர் என்போர் இக்காலத்துத் தோன்றியவர் அல்லர். கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து மலையும் பாலையும் கடந்து வந்த யுவான் சுவாங், நாளந்தாவில் தங்கிக் கல்வி பயின்றார். அவருக்கு ஆசானாக விளங்கியவர் சீலபத்திரர். அச்சீலபத்திரருக்கு ஆசானாக விளங்கியவர் தருமபாலர். இத்தருமபாலர் காஞ்சிமாநகரத்தில் பிறந்து, வடபுலம் சென்று, நாளந்தாவின் தலைமையை ஏற்றவர் என்று யுவான் சுவாங்கே குறித்துள்ளார். தெற்கிலிருந்து சென்ற ஒரு மாணவர் பின்னாளில் ஆசானாக அமர, அவர் வழிவந்த அறிவைச் சீனத்து மாணவர் ஒருவர் பெற்றுச் சென்ற செய்தி நாம் எண்ணி மகிழத்தக்கது.

இதனினும் நம் பொருளுக்கு நெருங்கிய சான்று, நாளந்தாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேடு ஒன்றில் உள்ளது. சுவர்ணத்தீவு எனப்பட்ட சுமத்திராவின் வேந்தன் பாலபுத்திரதேவன் நாளந்தாவில் ஒரு விகாரம் எடுப்பித்தான். அவன் வேண்டுகோளுக்கு இணங்கி, பால மரபின் தேவபாலன் அதற்கு 5 ஊர்களை இறையிலியாக வழங்கினான். எவற்றுக்காக வழங்கினான்? வழிபாட்டுக்கும், ஆங்கு வாழும் துறவியரின் உணவு, உடை, படுக்கை, மருந்து ஆகியவற்றுக்கும், நூல்களைப் படியெடுப்பதற்கும், கட்டடத்தைப் பழுது பார்ப்பதற்கும் என்று செப்பேடு கூறுகின்றது. கல்வியைப் போற்றிய அவ்வேந்தர் படுக்கையையும் மருந்தையும் மறந்தாரில்லை. அனுப்பிய நாட்டார் வீடு எடுத்தனர். ஏற்ற நாட்டார் சோறு அளித்தனர். இரு கைகளும் கூடியே அயலான் ஒருவனை மாணவனாக்கின. சோழ நாட்டிலும் இவ்வழக்கம் இருந்தது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எடுத்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை வழங்கியதை நாம் அறிவோம்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது 1857-இல். அதன் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தார் ஆவர்: ஒருவர் சி. வை. தாமோதரம் பிள்ளை, மற்றவர் விசுவநாத பிள்ளை. கடல் கடந்து வந்த தாமோதரம் பிள்ளையைத் தமிழகம் ஏற்றுக்கொண்டது. அவரோ பின்னாளில் கலித்தொகை முதலிய பழநூல்களை அச்சேற்றி, ஏற்ற நாட்டுக்கு என்றும் அழியாக் கைம்மாறு செய்தார். வந்தவர் பெற்றுச் செல்வது மட்டுமன்று, தந்தும் செல்வர் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டுமோ?

மாதுங்காவின் இலை

இனி நம் மாநகரத்துக்கு வருவோம். பம்பாயிலிருந்து சென்ற இருப்புப்பாதையும் சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதையும் 1871-இல் ராய்ச்சூரில் கூடின. அன்று தொடங்கித் தென்னாட்டு இளைஞருக்குப் பம்பாய் எட்டும் தொலைவில் வந்தது. 1896-இல் கொள்ளை நோயாகிய பிளேக் இந்நகரைப் பற்றியது. நெருக்கமும் அழுக்குமே நோயை வளர்க்கின்றன என்று கண்ட அரசினர், 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். வயலும் சதுப்புமாகக் கிடந்த தாதர், மாதுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் நேரிய தெருக்களும் காற்றோட்டமான மாடிக் கட்டடங்களும் எழுந்தமைக்கு இவ்வமைப்பின் திட்டமே காரணம். அங்ஙனம் எழுந்த மாதுங்காவில், 1920-களிலும் 1930-களிலும், அலுவலகங்களில் எழுத்தராகவும் தட்டச்சராகவும் பணி புரிந்த தென்னாட்டார் பெருகிக் குடியேறினர்.

கல்விச் சாலைகளும் அவ்விடத்தை நாடி வந்தன. 1887-இல் பைகுல்லாவில் தொடங்கிய விக்டோரியா ஜுபிலி தொழிற்கல்வி நிலையம் 1923-இல் மாதுங்காவுக்குப் பெயர்ந்தது. பல்கலைக்கழகத்தின் ரசாயனத் தொழில்நுட்பத் துறை 1933-இல் தோன்றிப் பின் மாதுங்காவில் நிலைபெற்றது. ரூயா கல்லூரியும் கால்சா கல்லூரியும் 1937-இல் எழுந்தன. ஆகவே, வேலை தேடி வந்த அண்ணனும் கல்வி தேடி வந்த தம்பியும் ஒரே தெருவில், பல வேளைகளில் ஒரே அறையில், வாழ நேர்ந்தது.

அவ்வாழ்க்கை எத்தகையது? ஓர் அறையின் வாடகையை நால்வர் ஐவர் பகிர்ந்துகொள்வர். பாய்கள் இரவில் விரியும். பகலில் சுவரோரம் சாயும். குளிப்பதற்கு முறை, படிப்பதற்கு விளக்கடியில் முறை. உணவுக்கு மட்டும் மெஸ் என்னும் உணவு விடுதி. மாதத் தொடக்கத்தில் பணம் கட்டிவிட்டால் இரு வேளையும் இலை விழும். மாதுங்கா ரயில் நிலையத்தின் அருகே 1942-இல் ராம நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் போன்ற விடுதிகள், தென்னாட்டு இளைஞர் பல தலைமுறையினரின் பசியைத் தீர்த்தன.

மெஸ் என்பது சோறு மட்டும் போட்ட இடம் என்று எண்ணுதல் பிழை. எந்த அலுவலகத்தில் இடம் காலி, எந்தக் கட்டடத்தில் அறை காலி, எந்தக் கல்லூரியில் சேர்க்கை முடியவில்லை என்பனவெல்லாம் பந்தியிலேயே தெரியவரும். மூத்தவர் ஒருவர் இளையவர் ஒருவரை அழைத்துச் சென்று சீசன் டிக்கெட் வாங்கித் தருவார். விரைவு வண்டிக்கும் மெது வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவார். இவை அனைத்தினும் பெரிது ஒன்று: இரண்டு நாள் ஒருவன் இலைக்கு வரவில்லையெனில், ‘அவனுக்கு என்ன உடம்பு?’ என்று கேட்பதற்கு அங்கே ஆள் இருந்தது. பல நூறாயிரம் மக்கள் வாழும் நகரில் தன்னைக் காணவில்லை என்று உணர்வதற்கு ஒருவரேனும் இருத்தலே குடியமர்தலின் முதற்படி ஆகும்.

அடுத்த படியில் நிறுவனங்கள் எழுந்தன. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. அதன் கல்லூரி 1960-இல் சயானில் தொடங்கிற்று. 1952-இல் அமைந்த ஸ்ரீ சண்முகானந்த சபையின் பேரரங்கம் 1963-இல் திறக்கப்பெற்றது. வயிற்றுக்குச் சோறு, பிள்ளைக்குப் பள்ளி, செவிக்கு இசை என்னும் வரிசையிலேயே ஒரு குடியேற்றம் முதிர்கிறது என்பதை இவ்வாண்டுகளே நமக்கு உணர்த்துகின்றன.

தாராவியின் கதவு

மாதுங்காவின் பெருமையோடு வரலாற்றை முடித்துவிடுதல் நேர்மையாகாது. அதற்கு ஏறத்தாழ ஒரு கல் தொலைவில் தாராவி இருக்கின்றது. பம்பாயின் ஆறு பெருங் கோலிவாடாக்களுள் ஒன்று என்று 1909-ஆம் ஆண்டின் கெசட்டியர் குறிக்கும் பழைய மீனவர் ஊர் அது. தோல் பதனிடும் தொழில் அங்குப் பெருகியபோது, திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிட மக்களும் தமிழ் முஸ்லிம்களும் வந்து சேர்ந்தனர். 1887-இல் எழுந்த பெரிய பள்ளிவாசலும் 1913-இல் எழுந்த கணேசர் கோயிலும் அவர்கள் வேரூன்றியதற்கு அடையாளங்களாக நிற்கின்றன.

மாதுங்காவில் தொடக்க நாளில் இருந்த விடுதிகள் பல, சாதியின் வாயிற்படியைக் கடந்தவை அல்ல. ‘தென்னாட்டார்’ என்னும் சொல் ஒன்றாயிருந்தது, இலை ஒன்றாயில்லை. தாராவிக்கு வந்த இளைஞனுக்கு அக்கதவு பயன்படவில்லை. அவன் தன் ஊராரின் குடிசையையே நம்பினான். ஒரே சிற்றூரார் ஒரே சந்தில் வாழ்ந்தனர்; பத்துப் பேர் இருந்த அறையில் பதினோராவது பாய் விரிந்தது. வேலையும் அங்ஙனமே கிடைத்தது. கடனும் அங்ஙனமே கிடைத்தது. இறந்தவரை எடுப்பதற்கும் அவ்வூராரே கூடினர்.

அக்குடிசைகளிலிருந்து மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகளுக்குச் சென்ற பிள்ளைகளை எண்ணிப் பார்ப்போம். பள்ளியில் தமிழ், தெருவில் இந்தியும் மராத்தியும், கல்லூரியிலோ ஆங்கிலம். அவர்களுள் ஒருவன் ஒரு கல் தொலைவு நடந்து மாதுங்காக் கல்லூரியில் கால் வைக்கும்போது, கப்பலேறாமலே அவன் அயல்நாட்டு மாணவன் ஆகிறான். பாடத்தின் மொழி வேறு, பழகுவாரின் உடை வேறு, பேச்சு வேறு. அவன் வீட்டில் அவனுக்கு முன்னர்க் கல்லூரி கண்டவர் இல்லை. கதவைத் திறந்து வைக்க முன்னோர் இல்லாதவனுக்கு நகரம் எத்துணைக் கடினமானது என்பதை இவனிடமே கேட்டறிதல் வேண்டும்.

நியூயார்க்கும் பரோடாவும்

இவ்விடத்தில் நம் நகரத்து மாணவர் ஒருவரின் வரலாறு பெரிதும் பொருந்துகின்றது. பரேல் தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்து, எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் அம்பேத்கர், 1913 ஜூலையில் தம் 22-ஆம் வயதில் நியூயார்க் நகரத்தை அடைந்தார். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை அளித்திருந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹார்ட்லி விடுதியில் முதலில் தங்கினார். ஆங்குப் படைத்த உணவு ஒவ்வாமையால் சில நாட்களிலேயே வெளியேறி, இந்திய மாணவர் சிலர் வாழ்ந்த காஸ்மாபாலிட்டன் கிளப்பில் இடம் பெற்றார். பின்னர் லிவிங்ஸ்டன் விடுதியில் நவல் பாத்தேனா என்னும் பார்சி மாணவரோடு தங்கினார். அந்நட்பு வாழ்நாள் முழுதும் நீடித்தது. பணமுடை நேர்ந்தபோதெல்லாம் உதவியது.

பேரறிஞர் ஒருவரின் அயல்நாட்டு வாழ்வும் உணவு, அறை, நண்பன் என்னும் மூன்று எளிய செய்திகளிலேயே தொடங்கிற்று என்பதை நோக்குவோமாக. நூலகத்தில் அவர் செலவிட்ட நெடும்பொழுதுகளுக்கு அடித்தளம் அவ்வறையும் அந்நண்பரும் ஆவர்.

ஆனால் இவ்வரலாற்றின் மறுபாதி நம் நெஞ்சைச் சுடுவது. 1917-இல் அவர் தாயகம் திரும்பிப் பரோடாவில் பணியேற்கச் சென்றார். அந்நகரில் அவருக்கு வாடகைக்கு வீடு கொடுப்பார் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் வேறு பெயரில் தங்கினார். சில நாட்களில் தடி ஏந்திய கூட்டத்தார் வந்து வெளியேறச் சொல்லினர். நண்பர்களை நாடினார், அவர்களும் கைவிரித்தனர். பொதுப்பூங்காவில் அமர்ந்து கண்ணீர் சிந்திப் பம்பாய்க்குத் திரும்பினார். கடலுக்கு அப்பால் அறை கிடைத்தது; சொந்த நாட்டில் கிடைக்கவில்லை. அயலான் என்பவனை ஆக்குவது தொலைவு அன்று, மூடிய கதவே என்பதற்கு இதனின் மிக்க சான்று இல்லை. அவரே பின்னாளில், மாதுங்காவை அடுத்த தாதர் இந்துக் காலனியில், நூல்களுக்கென்றே ஒரு பெருவீடாக ராஜகிருகத்தைக் கட்டினார். 1946-இல் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்து, தமக்குப் பின்னே வருவோர்க்குக் கதவு ஆனார்.

செம்பூருக்கு வந்த உலகம்

நாடு விடுதலை பெற்றபின் மாணவர் ஓட்டம் இரு திசையிலும் நிகழலாயிற்று. ஆசிய, ஆப்பிரிக்க நாட்டு மாணவர் இந்தியாவில் பயில்வதற்கென 1949-இல் மைய அரசு பண்பாட்டு உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. நம் சுற்றுப்புறமும் மாறியது. அமெரிக்காவிலிருந்து வந்து நாக்பாடாவில் மக்கட்பணி புரிந்த கிளிஃபோர்டு மேன்ஷார்ட் என்பார் தலைமையில் 1936-இல் தொடங்கிய டாட்டா சமூகப்பணிப் பள்ளி, பிற்றைநாள் டாட்டா சமூக அறிவியல் கழகமாகி, 1954-இல் தேவனாருக்கு வந்தது. 1956 ஜூலையில் இந்திய அரசு, ஐக்கிய நாடுகள் அவை, சர் தோராப்ஜி டாட்டா டிரஸ்ட் ஆகிய மூன்றும் கூடி மக்கள்தொகைப் பயிற்சி ஆராய்ச்சி மையம் ஒன்றை நிறுவின. ஆசிய, பசிபிக் நாடுகளின் மாணவரைப் பயிற்றுவிப்பதே அதன் நோக்கங்களுள் தலையாயது. பிறப்பு இறப்புப் பதிவில் விடுபட்டவற்றைக் கணிக்கும் முறையை 1949-இல் அமெரிக்க அறிஞர் டெமிங்கோடு சேர்ந்து வகுத்த சி. சந்திரசேகரன் அதன் இயக்குநர்களுள் ஒருவர். இன்று அது பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் கழகம் என்னும் பெயரில் தேவனாரில் விளங்குகின்றது.

இங்கு வரும் அயல்நாட்டு மாணவர் எதிர்கொள்வன யாவை? ஆண்டுப் படிப்புத் தொடங்கும் காலமும் பெருமழைக் காலமும் இந்நகரில் ஒன்றே. வெள்ளத்தில் நின்றுவிட்ட ரயிலே அவர்களிற் பலருக்கு மும்பையின் முதற்காட்சி. 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவோடு வரும் மாணவர் 14 நாட்களுக்குள் வெளிநாட்டார் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ளுதல் வேண்டும். அவரைத் தங்கவைப்போரும் அரசுக்குத் தெரிவித்தல் வேண்டும். இவ்வொரு கடமைக்கு அஞ்சியே வீட்டுக்காரர் பலர் அறை தர மறுக்கின்றனர். வேறு சிலரோ நிறத்தையும் உணவையும் காட்டி மறுக்கின்றனர். வகுப்பில் ஆங்கிலம் பேசிய மாணவன், காய்கறிக்காரரிடம் வந்ததும் ஊமையாகிறான். விழா நாளில் விடுதி வெறிச்சோடும். அன்றுதான் அவனுக்குத் தன் தாயின் நினைவு மிகும்.

இவற்றுள் எது நமக்குப் புதிது? வீடு மறுக்கப்பட்டவரும் நம்முள் உண்டு. மொழி தெரியாமல் விழித்தவரும் உண்டு. 1966-இல் சிவசேனை தோன்றியபோது, தென்னாட்டார் வேலைகளைப் பறிக்கின்றனர் என்னும் கிளர்ச்சி எழுந்து, உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டதை மூத்தோர் அறிவர். ‘வந்தேறி’ என்னும் சொல்லின் சுமையை நாம் தாங்கியிருக்கிறோம். அக்காலத்தில் நமக்குத் துணை நின்றது எது? அண்டை வீட்டு மராத்தியக் குடும்பத்தோடு கொண்ட பழக்கம். அவர்கள் மொழியை நம் பிள்ளைகள் கற்றமை. ஒரே கட்டடத்தில் பகிர்ந்துண்ட பண்டிகைப் பலகாரம். குடியமர்தல் இருவர் செய்யும் தொழில். வந்தவன் நகரத்தின் மொழியையும் வழக்கத்தையும் கற்க வேண்டும். இருப்பவன் கதவைத் திறக்க வேண்டும். ஒருவர் மட்டும் செய்தால் அது நிறைவுறாது.

நம் கடமை

ஆதலின் இவ்வாண்டு விழாவில் நாம் எண்ணத்தக்கது ஒன்றுண்டு. நமக்கு மாதுங்கா இருந்தது, தாராவி இருந்தது, ஊர்ப்பெயர் சொன்னால் பாய் விரிக்க ஒருவர் இருந்தார். தொலைநாட்டிலிருந்து தனியாக வரும் மாணவனுக்கு இந்நகரில் முன்வந்த உறவினர் எவரும் இல்லை. அவனுக்கு நாமே முன்வந்தோர் ஆவோம். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஞாயிற்றுக்கிழமை ஓர் இலை கூடுதலாக விழலாம். காலியறை உடையோர், சட்டப்படி தெரிவிக்க வேண்டியதைத் தெரிவித்து, அதனைத் தரலாம். நம் கல்லூரிப் பிள்ளைகள் அவனோடு ஒரு நாள் ரயிலேறி நகரைக் காட்டலாம்; நான்கு மராத்திச் சொற்களைக் கற்பிக்கலாம். பொங்கல் விழாவுக்கு அவனை அழைத்து, அவன் நாட்டு அறுவடை விழாவைப் பற்றி நம் குழந்தைகளுக்குச் சொல்லக் கேட்கலாம். தாராவியிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் நம் பிள்ளைக்கும் இவை அனைத்தும் உரியன. அவனுக்கு முதலில் உரியன என்றே கூறுவோம்.

நமக்குச் சோறிட்டவர் பலர் இன்று இல்லை. அவர்களுக்குத் திருப்பிச் செலுத்த நம்மால் இயலாது. அக்கடனைத் தீர்க்கும் வழி ஒன்றே: அடுத்து வருபவனுக்கு இடுதல். அவ்வழி நடக்கும் உள்ளத்தை நம் சங்கம் என்றும் பெறுக! வந்தோர் வாழ்க! வரவேற்போர் வாழ்க! இரு திறத்தாரையும் தாங்கும் இம்மாநகரம் நீடு வாழ்க!